மலையிலிருந்து கிளம்பிய துளி

பாலைவனத்துக் கிணறு ஒன்றுக்கு எப்போதும் தூரத்து மலைமேலேயே கண். மாதாமாதம் அளவு நாடா உள்ளே இறங்கும். “தண்ணி இன்னும் ஒரு முழம் இறங்கிடுச்சு” என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விடும்.

நேற்று அந்த மலையில் மழை கொட்டியது. இன்று உட்சுவரின் பாறை இடுக்கிலிருந்து ஒரு துளி எட்டிப் பார்க்கவும் கிணற்றுக்குத் தலைகால் புரியவில்லை.

“நேத்து பெய்ஞ்ச மழைதானே நீ?”

“நேத்தா? நான் மலையில விழுந்தப்போ இங்க ஒரு ஏரி தெரிஞ்சுது. அப்படியொரு நீலம்! அதோட சேரணும்னு பல்லாயிரம் வருஷமா கல்லுக்குள்ள தவழ்ந்து வர்றேன். எங்கே அந்த ஏரி?”

கிணறு வெளியே பார்த்தது. கண்ணுக்கெட்டிய தூரம்வரை மணல்.

“நான்தான் அது” என்றது கிணறு. “உன்னை எதிர்பார்த்து எதிர்பார்த்து இளைச்சுட்டேன்.”