அடுத்த ஊர்

கிளப் அலுவலகத்திலிருந்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான் வில்கன்ஸ். மிர்லாண்ட் உடனே பெட்டிகளை இறக்கினாள். கால்பந்துத் தடுப்பாட்டக்காரனுக்கு வாழ்க்கைப்பட்டு எட்டு ஊர் பார்த்தாயிற்று. எந்த ஊர்ச் சுவரிலும் கல்யாணப் படத்தை மாட்டியதில்லை.

“இந்தத் தடவை எந்த நாடு?”

“பெல்ஜியம்தான்.”

“இங்கேயே வேற ஊரா? அங்கேயும் இதே மாதிரி குளிருமா?”

“பல்லு கிட்டிப்போகும்.”

“நம்ம ஹைட்டிப் புத்தாண்டு சூப்புக்குப் பூசணிக்காய் கிடைக்குமா?”

“ஸ்டேஷன் பின்னால காங்கோக்காரர் கடையில கிடைக்கும்.”

“வீடு?”

“ரெண்டு ரூம். நாம இருமினாக்கூடக் கீழ்வீட்டுக்காரி விளக்கமாத்துக் கட்டையால சீலிங்கை இடிப்பா.”

மிர்லாண்டின் கை பெட்டி மேலேயே நின்றது.

“அடப்பாவி! இது நம்ம வீடு!”

“ஆமா. இன்னும் மூணு வருஷத்துக்கு இங்கேயேதான். கையெழுத்துப் போட்டுட்டேன்.”

“அப்ப என்ன இளிச்சுக்கிட்டு நிக்கற? போய் ஆணியும் சுத்தியலும் வாங்கிட்டு வா. அவ இடிச்சா இடிக்கட்டும்!”