நரி மாப்பிள்ளையின் தொப்பி

நரிக்கு அடுத்த வாரம் கல்யாணம். நரிக் கல்யாணம் என்றால் வெயிலும் மழையும் சேர்ந்தே வருமே! இரண்டையும் தாங்குகிற தொப்பி வேண்டுமென்று அது முயலிடம் போனது. முயல் தன் உதிர்ந்த முடியை வெந்நீரில் நனைத்து, தட்டித் தட்டிக் கெட்டியாக்கி, அவரவர் தலைக்கு அளவெடுத்துத் தொப்பி செய்யும்.

"நாலு கூடை கிழங்கு ஆகும் அண்ணே," என்றது முயல்.

"ஒரு தொப்பிக்கா? ரெண்டு கூடை தர்றேன்."

"குளிர்காலம் முழுக்கச் சேர்த்த முடி. கட்டுப்படியாகாது அண்ணே."

"அப்போ வேண்டாம்," என்று நரி எழுந்து நடந்தது. பேரம் அதற்குக் கைவந்த கலை. நாலடி நடந்தால் எந்தக் கடைக்காரரும் கூப்பிட்டுவிடுவார்.

வேலி வரை போயாயிற்று. முயல் கூப்பிடவில்லை. நரி நடையைக் குறைத்தது. உட்கார்ந்து, காலில் இல்லாத முள்ளை எடுத்தது. காதைப் பின்னால் திருப்பிக் கேட்டது. முடியைத் தட்டும் சத்தம்தான் நிதானமாக வந்துகொண்டிருந்தது.

கடைசியில் நரி தானே திரும்பி வந்தது.

"நீ கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு."

"இல்லையே அண்ணே," என்றது முயல். "வந்ததே வந்தீங்க, கொஞ்சம் தலையைக் குனியுங்க. அளவு எடுத்துக்கிறேன்."

நரி மறுபேச்சில்லாமல் குனிந்தது.