ரோஜாவுக்கு ஊற்றிய தண்ணீர்

"என்னை மன்னிச்சுடு கண்ணு, உன்மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல" என்று கெஞ்சிக்கொண்டே, கொதிக்கக் கொதிக்க உப்புத் தண்ணீரைக் காலடியில் ஊற்றினாள் அவள்.

ரோஜாச் செடி பாவம், என்ன சொல்லும்? நேற்றுத்தான் மொட்டு விட்டிருந்தது. உள்ளே குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றதும், கணவர் வெளியே வருவதற்குள் அடுக்களைக்கு ஓடிப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள்.

எல்லாம் அந்தப் புரோக்கர் கொளுத்திப் போட்டது. "சார், வீடு பழசு, அதை ஒண்ணும் பண்ண முடியாது. முன்னாடி தோட்டத்தை மட்டும் பச்சைப்பசேல்னு ஆக்கிட்டீங்கன்னா விலை தானா ஏறும். வாங்க வர்றவங்க கேட்லயே மயங்கிடுவாங்க!"

அன்றிலிருந்து மனுஷர் மண்வெட்டியும் கையுமாகவே திரிந்தார். நடைபாதைக்கு இந்தப் பக்கம் ரோஜா வரிசை. அந்தப் பக்கம், பாய் மாதிரி சுருட்டிக் கொண்டுவந்து விரித்த புல்தரை.

"எப்படி இருக்கு? அழகா இருக்குல்ல?" என்று அவள் முகத்தையே பார்த்துக் கேட்பார்.

"ரொம்ப அழகுங்க" என்பாள் அவள். அடுப்பில் எப்போது தண்ணீர் வைக்கலாம் என்று மனசு கணக்குப் போடும்.

வீட்டை விற்றால் அவளுக்கு உயிரே போன மாதிரி. கோபித்துக்கொண்டு போன மகன் என்றைக்காவது திரும்பினால் இந்த வாசலுக்குத்தான் வருவான். வேறு யாரோ கதவைத் திறந்து "யாருங்க நீங்க?" என்று கேட்டால் போச்சு! ரோஷக்காரப் பிள்ளை, வந்த வழியே போய்விடுவான்.

இதை அவரிடம் வாய்விட்டுச் சொல்ல முடியுமா? "இனிமே இந்த வீட்டுல அவன் பேச்சை யாரும் எடுக்கக் கூடாது" என்று மகன் போன அன்றே கத்தியவர் ஆயிற்றே. அவரும் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. சொல்ல முடியாததற்குத்தான் இந்தச் சுடுதண்ணீர்.

ரோஜா ஒவ்வொன்றாகக் கருகியது. பாதைக்கு அந்தப் பக்கமிருந்த புல்லும் கூடவே திட்டுத் திட்டாக மஞ்சளடித்தது. நெல்லுக்கு இறைப்பது புல்லுக்கும் பொசியும் என்பார்களே, அந்தக் கதைதான் என்று நினைத்துக்கொண்டாள்.

"என்னங்க இது, மறுபடியும் கருகிப்போச்சு?" என்று ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்பாள்.

"மண்ணு சரியில்ல" என்று பெருமூச்சு விடுவார் அவர். மறுநாளே புதுச் செடியோடு வந்து நிற்பார். விடாக்கண்டன்தான் எனக்கு வாய்ச்சிருக்கான் என்று அவளுக்கு வயிறு எரியும்.

வீடு பார்க்க வந்தவர்கள் தோட்டத்தைப் பார்த்து முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு முறையும் அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

இன்றைக்கு வந்தவரோ முகத்தைச் சுளிக்கவில்லை. கருகிய புல்லைச் செருப்புக் காலால் தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"தோட்டம் யாருக்குங்க வேணும்? எல்லாத்தையும் வழிச்சு எறிஞ்சுட்டு சிமெண்ட் போடப் போறேன். எனக்கு ரெண்டு கார் நிக்கணும். வீடு புடிச்சிருக்கு, நீங்க சொன்ன விலைக்கே எடுத்துக்கறேன்."

"பாத்தீங்களா சார், நான் அப்பவே சொன்னேன்ல!" என்று துள்ளினார் புரோக்கர். எப்போது என்ன சொன்னோம் என்பதெல்லாம் அவருக்கு மறந்தே போயிருந்தது. உள்ளே வந்து உட்கார்ந்ததும் முன்பணக் கவரை மேசைமேல் வைத்தார்கள்.

கணவரின் கை மெதுவாக, ரொம்ப மெதுவாகக் கவரை நோக்கி நீண்டது. இனிமேல் எந்தத் தண்ணீரை எதில் ஊற்றி என்ன பயன்?

"வாங்காதீங்க!" அவள் போட்ட சத்தத்தில் புரோக்கரின் பேனா கீழே விழுந்தது. "உங்க காலைப் புடிச்சுக்கறேன், வாங்காதீங்க! அந்த ரோஜாவையெல்லாம் சுடுதண்ணியில உப்பைப் போட்டு ஊத்திக் கொன்னது நான்தான். என் புள்ள ஒருநாள் வந்து கேட்டைத் தட்டினா யாருங்க திறப்பா? என்னை வேணா வெளிய தள்ளுங்க, வீட்டை மட்டும் வித்துடாதீங்க!"

எடுக்கக் கூடாத பேச்சை எடுத்தாகிவிட்டது. விழுகிற இடி விழட்டும் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றாள்.

கவரைத் திரும்பத் தள்ளும் சத்தம்தான் கேட்டது. "மன்னிச்சுடுங்க, வீடு விக்கறதா இல்ல" என்றார் அவர். புரோக்கர் தலையில் அடித்துக்கொண்டு, வந்தவரைக் கூட்டிக்கொண்டு வெளியேறினார்.

"இந்த வீட்டைப் பாத்தாலே வயித்தைப் பிசையுதுன்னு அவன் போனப்புறம் நீதானே அழுதே?" அவர் அவள் பக்கம் திரும்பினார். "உனக்காகத்தானே புரோக்கரையே கூப்பிட்டேன்."

"ஏதோ வயித்தெரிச்சல்ல சொன்னேங்க. அதுக்குன்னு விக்கக் கிளம்பிடுவீங்களா?" அவள் மூக்கை உறிஞ்சினாள். "நீங்க ஆசையா வச்ச தோட்டத்தை மொத்தமா நாசம் பண்ணிட்டேனே..."

அவர் ஜன்னல் வழியே அந்தக் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரோஜா மட்டும்தான் நீ. புல்லுக்கு ஊத்தினது நான்."