டேப்பில் எழுதிய எண்

அவன் போனைக் கவரிலிருந்து கழற்றி மேசைமேல் கவிழ்த்து வைத்தான்.

பின்பக்கத்தில் என் கையெழுத்து. வெள்ளை டேப்பில் ஆறு எண்கள்.

இது தன் தங்கையின் போன், நம்பரை மறந்துவிட்டாள், திறந்து கொடு என்றான் ஆங்கிலத்தில். நான் அவள் அண்ணன், அவள் நல்லதுக்குத்தான் கேட்கிறேன் என்றான். நான் எதுவும் கேட்கவில்லை, அவனாகவே சொன்னான்.

ரிப்பேருக்கு வரும் போனைத் திறக்கும் ரகசிய நம்பரை டேப்பில் எழுதிப் பின்னால் ஒட்டுவது எங்கள் கடை வழக்கம். அதுவும் தமிழ் எண்களில். மனைவி கொடுத்த போனை வாங்கக் கணவன் வருவான், மகள் கொடுத்ததை வாங்க அப்பா வருவார். எதற்கு வம்பு என்று முதலாளி ராதாகிருஷ்ணன் அண்ணன் செய்த ஏற்பாடு அது. கடை இருக்கும் பிரிக்பீல்ட்ஸில் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களே பாதிப்பேர் அந்த எண்களைப் பார்த்து முழிப்பார்கள்.

வேலை முடிந்ததும் டேப்பை உரித்துவிட வேண்டும். போன மாதம் நான் உரிக்கவில்லை. அப்படியே கவரை மாட்டிக் கொடுத்துவிட்டேன். மடையன்.

போனுக்குச் சொந்தக்காரி ரீம். வளைகுடாவிலிருந்து வந்து காஜாங் பக்கம் ஒரு கல்லூரியில் படிப்பவள். அன்றைக்குப் புது ஸ்கிரீனைத் தேய்த்துப் பார்த்தபோது, அவள் எழுதும் வலைப்பூ தானாகத் திறந்துகொண்டது. எல்லாம் அரபு எழுத்து, எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அவள் முகம் வெளுத்துப்போய்விட்டது.

தன் ஊர்ப் பெண்கள் வாய்விட்டுச் சொல்ல முடியாததை அதில் எழுதுகிறாளாம். பெயர் போடாமல். வீட்டுக்குத் தெரிந்தால் படிப்பு போகும், ஊருக்குக் கூட்டிப் போய்விடுவார்கள் என்றாள். அதற்குமேல் என்ன ஆகும் என்பது அவள் குரலிலேயே இருந்தது. யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் அங்கிள் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். முப்பத்திரண்டு வயதில் அங்கிள் என்றது கொஞ்சம் சுட்டது. இருந்தாலும் தலையாட்டினேன்.

இப்போது அவள் அண்ணன் என் எதிரில் நிற்கிறான். தூக்கமில்லாத கண்கள். கவரில் எங்கள் கடை ஸ்டிக்கரைப் பார்த்து வந்தானாம். அவளை ஓட்டல் அறையில் உட்கார வைத்துவிட்டு வந்திருக்கிறானாம். இரவு எட்டு மணிக்கு இருவருக்கும் விமானம். அதற்குள் அவன் போனைப் பார்த்தாக வேண்டும். ஊரில் யாரோ அவன் காதில் எதையோ போட்டிருக்கிறார்கள். கையில் பிடிக்க ஆதாரம்தான் இல்லை.

அந்த ஆறு எண்களை யாராவது அழுத்தினால் ரீமின் கதை முடிந்தது.

அவன் டேப்பை விரலால் தடவினான். எங்கள் மொழியிலும் எண்களை வேறு மாதிரிதான் எழுதுவோம், இது எண்ணா என்று கேட்டான்.

ஸ்கிரீன் எந்த ரகம் என்று குறித்து வைத்திருக்கிறோம் என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

பின்னால் உட்கார்ந்து போர்டில் ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்த ராதாகிருஷ்ணன் அண்ணன், போன் யாருடையது என்று கவனிக்காமல், தலையைத் தூக்காமலே குரல் கொடுத்தார்.

"லோகா, நம்ம டேப்பு ஒட்டியிருக்கு இல்ல? அதுலயே நம்பர் இருக்கும் பாரு லா. தெறந்து கொடுத்து அனுப்பு, பாவம், அந்த கஸ்டமர் பாஸ் எவ்ளோ நேரம் வெயிட் பண்றாரு."

தமிழ் அவனுக்குத் தெரியாது. நம்பர் என்ற சொல் தெரியும்.

அவன் டேப்பைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பிறகு தன் போனை எடுத்து, மொழிபெயர்க்கும் கேமராவைத் திறந்து டேப்பின்மேல் பிடிக்கப் போனான்.

கம்ப்யூட்டரில் போட்டால்தான் திறக்கும் என்று சொல்லிப் போனை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். மேசைக்குக் கீழே நகத்தால் டேப்பை உரித்து உருட்டிக் கால்சட்டைப் பையில் போட்டேன். ஒயரைச் செருகினேன். எல்லாவற்றையும் அழித்துவிடவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. ஆம் என்று அழுத்தினேன்.

போனில் ஒரு பட்டை மெல்ல நகர்ந்தது. வெளியே மோனோரயில் போனபோது கண்ணாடி அலமாரி அதிர்ந்தது. அவன் இரண்டடி நடந்தான், திரும்பினான், மறுபடி நடந்தான். அவன் மூன்று முறை மணி பார்த்தான், நான் அதற்கு மேலேயே பார்த்திருப்பேன்.

கடைசியில் திரை வெளிச்சமானது. புதிதாய் வாங்கிய போன்போல ஒவ்வொரு மொழியாக வணக்கம் சொல்லத் தொடங்கியது. நடுவில் அரபும் வந்தது.

திறந்துவிட்டது என்று நீட்டினேன்.

அவன் தேய்த்தான். மறுபடி தேய்த்தான். ஒன்றும் இல்லை என்று அவனுக்குப் புரிய அரை நிமிடம் ஆனது. இன்றைக்கு அவன் ரீமை விமானத்தில் ஏற்றிக்கொண்டுதான் போவான், அதை என்னால் தடுக்க முடியாது. வீட்டில் காட்டுவதற்கு அவன் கையில் ஒன்றும் இருக்காது, அவ்வளவுதான் என்னால் ஆனது.

சத்தம் போடுவான் என்று நினைத்தேன். போனைப் பையில் வைத்துக்கொண்டு, உனக்குத் தங்கை இல்லையா என்று கேட்டான். பதிலுக்கு நிற்காமல் போய்விட்டான்.

இருக்கிறாள். தாரா.

அவளும் பெயர் போடாமல் எழுதினாள், எங்கள் வீட்டைப் பற்றி. அப்பா அவள் போனைக் கொண்டுவந்து இதே மேசைமேல் வைத்தார். அவள் நல்லதுக்குத்தான் என்றார். திறந்து கொடுக்க எனக்கு டேப் எதுவும் தேவைப்படவில்லை. என் பிறந்த நாளைத்தான் அவள் நம்பராக வைத்திருந்தாள். அடுத்த தை மாதமே அவளைக் காப்பார் என்ற ஊரில் கட்டிக்கொடுத்தோம்.

இப்போது அவள் போன் ஸ்கிரீன் மூலைக்கு மூலை விரிசல் விட்டிருக்கிறது. இரண்டு தீபாவளியாக மாற்றித் தருகிறேன் என்கிறேன். என் கையில் கொடுக்க மாட்டேன் என்கிறாள்.