மேல்தளத்து நீலத் துண்டு

“வந்து பாரு, இன்னிக்கும் போட்டுட்டுப் போயிருக்கான் அந்தத் தடியன்!”

கப்பலின் மேல்தளத்தில், நீச்சல் குளத்தை ஒட்டியிருந்த முதல் சாய்வு நாற்காலியைக் காட்டிப் பல்லைக் கடித்தார் பரிசோதகர். நாற்காலியில் ஒரு நீலத் துண்டு, அதன்மேல் பெரிய ஆம்பளைத் தொப்பி. ஆள் மட்டும் இல்லை.

“விடியறதுக்குள்ள வந்து இடம் பிடிச்சுட்டு, திரும்பப் போய்க் குறட்டை விடுறான். படுக்கை விரிக்கிற மாதிரி நாலு மூலையையும் எப்படி இழுத்துச் செருகியிருக்கான் பாரு. என்ன நெஞ்சழுத்தம்!”

“ஆமாங்க. இப்படியும் மனுஷங்க இருக்காங்களே,” என்று கன்னத்தில் கை வைத்தாள் மனைவி.

அவர் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். கைக்குட்டை போட்டு அடுத்தவர் இடத்தைப் பிடித்தவர்களை ஆயுசு முழுக்க எழுப்பி விட்டவர். பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு வீசுகிற புத்தி நடுக்கடல் வரைக்கும் வந்துவிட்டதென்றால் அவருக்குப் பொறுக்குமா? ஆள் இல்லாமல் நாற்காலி பிடிக்கக் கூடாது என்று குளத்தருகே பலகையே மாட்டியிருக்கிறார்கள்.

ஆனால் அவருக்குக் கோபம் வந்ததே பெரிய விஷயம். வேலையை விட்ட நாளிலிருந்து மனிதர் காற்றுப் போன பலூனாக இருந்தார். யாரோடும் பேச்சில்லை, தட்டில் வைத்ததில் பாதி அப்படியே திரும்பிப் போகும்.

“உடம்புல ஒரு கோளாறும் இல்ல. மனசுக்கு ஏதாவது பிடிப்பு வரணும். இல்லேன்னா இப்படியே படுத்துடுவாரு,” என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸாக இருந்தவள் மனைவி. அப்படிப் படுத்துப்போன எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறாள். பயந்துபோய்த்தான் அவரை இந்தக் கப்பலுக்கு இழுத்து வந்தாள்.

வந்த புதிதில் அதுவும் வீண் என்றுதான் தோன்றியது. கடலைக் காட்டினால், “தண்ணி,” என்றார். பாட்டுக் கச்சேரிக்குக் கூப்பிட்டால், “நீ போயிட்டு வா,” என்று சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகுதான் அந்த நீலத் துண்டு அவர் கண்ணில் பட்டது.

ஆளே மாறிப்போனார். தொப்பி பெரிய அளவு என்பதால், தலை பெருத்தவர்களாகத் தேடிப் பிடித்துப் பேச்சுக் கொடுத்தார். திருடன் கிடைக்கவில்லை, சீட்டாட மூன்று பேர் கிடைத்தார்கள். லிஃப்டில் முண்டியடித்தவர்களை வரிசையில் நிறுத்தினார். உணவுக்கூடத்தில் ஒரு பாத்திரத்துக் கரண்டியை இன்னொன்றில் போட்ட கோட்டு ஆசாமிக்கு வகுப்பே எடுத்தார். அலைந்த அலைச்சலில் பசித்து, மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

துண்டுக் கவுண்டர்க்காரர் பாடுதான் திண்டாட்டம். குளிக்க வருகிறவர்களுக்குத் துண்டு கொடுத்து வாங்குவது அவர் வேலை. தினமும் காலையில் முதல் புகார் அவரிடம்தான் போகும்.

“துண்டை நான் எடுத்துடறேன் சார், விடுங்க.”

“துண்டை எடுத்தா ஆச்சா? ஆளைப் பிடிக்க வேண்டாமா? நேத்து தொப்பியை எடுத்து வச்சீங்களே, கேட்டு யாரும் வரலையா?”

“நான் அந்தப் பக்கம் போனப்போ வந்து எடுத்துட்டுப் போயிட்டார் போல சார்,” என்று கவுண்டர்க்காரர் தலையைச் சொறிந்தார்.

“பலநாள் திருடன் ஒருநாள் அகப்படுவான். பிடிச்சு நேரா கேப்டன்கிட்ட கொண்டுபோய் நிறுத்தறேன், பாருங்க!”

மறுநாள் ஒளிந்திருந்து பிடிப்பது என்று முடிவு செய்தார் பரிசோதகர். மனைவியிடம் மூச்சு விடவில்லை. சொன்னால், இந்தக் குளிர்காற்றில் போகாதீர்கள் என்று கையைப் பிடித்துக்கொள்வாள். அவள் வழக்கம்போல் விடியலில் நடைப்பயிற்சிக்குக் கிளம்பும் வரை தூங்குவதுபோல் படுத்திருந்தார். கதவு சாத்திய சத்தம் கேட்டதும் பின்பக்கப் படிக்கட்டு வழியாக மேலே ஏறினார்.

மேல்தளத்தில் உயிர்காப்பு அங்கிகள் வைத்திருக்கும் பெரிய பெட்டிக்குப் பின்னால் குந்தினார். முழங்கால் கெஞ்சியது. ஆனாலும் டிக்கெட் இல்லாத ஆளை மோப்பம் பிடித்துவிட்ட அந்தப் பழைய குஷி நெஞ்செல்லாம் நிறைந்திருந்தது. இப்படிச் சந்தோஷமாக இருந்து எத்தனை காலமாயிற்று என்று அவருக்கே ஆச்சரியம்.

காலடிச் சத்தம் கேட்டது. துண்டை உதறும் சத்தமும் கேட்டது. “மாட்டினியா!” என்று கத்துவதற்காக வாயைத் திறந்துகொண்டு எட்டிப் பார்த்தவர், திறந்த வாய் திறந்தபடி நின்றுவிட்டார்.

துண்டின் மூலையை இழுத்துச் செருகிக்கொண்டிருந்தது அவருடைய மனைவி. யாரோ எப்போதோ மறந்துவிட்டுப் போன தொப்பியைக் கவுண்டர்க்காரர் எடுத்து நீட்டினார்.

“அம்மா, எனக்கே உதறுது. சார் கேப்டன் வரைக்கும் போகப் போறாராம். நீங்கதான்னு தெரிஞ்சா என்ன திட்டு திட்டுவாரோ!”

அவள் தொப்பியைத் துண்டின்மேல் வைத்து, ஓரடி தள்ளி நின்று அழகு பார்த்தாள்.

“திட்டட்டுமே தம்பி. அவர் வாயால திட்டு வாங்கி எவ்வளவு நாளாச்சு!”