முறுக்கு நூலும் தங்கத் துகள்களும்

நான் ஒரு தங்கத் துகள். கண்ணாடிக் குப்பித் தண்ணீரில் என்னைப் போல் ஆயிரக்கணக்கானோர் மிதந்துகொண்டிருந்தோம். கண்ணுக்கே தெரியாத பொடியர்கள்தான். ஆனால் தங்கம் அல்லவா, பேச்சு மட்டும் பெரிது. எல்லோரும் சுத்த உருண்டை. வலம் எது, இடம் எது என்றே எங்களுக்குத் தெரியாது.

ஒருநாள் வலப்பக்கமாக முறுக்கேறிய நூல் ஒன்று தண்ணீருக்குள் வந்தது. "என் மேல் வரிசையாக உட்காருங்களேன்," என்றது. அதன் முறுக்கிலேயே ஒட்டிக்கொண்டோம். பார்ப்பதற்குச் சுருள் படிக்கட்டு மாதிரி ஆகிவிட்டோம்.

அப்போது குப்பிக்குள் நுழைந்த வெளிச்சம் எங்களைக் கடந்ததும் வலப்பக்கமாகத் திரும்பியது. "அடேங்கப்பா, என்னையே திருப்பிவிட்டீர்களே!" என்று வியந்தது.

"எல்லாம் பிறவித் திறமை," என்றேன்.

உருண்டைக்கு ஏது தலை, ஏது கால்? இருந்தாலும் அன்றிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. நூலைக் கூப்பிட்டுச் சொன்னேன்: "வெளிச்சம் புகழ்வது எங்களை. நடுவில் நீ எதற்கு? கிளம்பு."

"நான் போனால் இப்படியே நிற்பீர்களா?" என்று நூல் கவலையோடு கேட்டது.

"தங்கத்துக்கு நூல் முட்டுக்கொடுப்பதா?" என்று சிரித்தேன். மற்றவர்களும் சிரித்தார்கள். நூல் மெல்ல உருவிக்கொண்டு போய்விட்டது.

அடுத்த கணமே மூலைக்கு ஒருவராகச் சிதறினோம். மறுபடி வந்த வெளிச்சம் எங்களுக்கு நடுவே நேராக நுழைந்து, நேராகவே வெளியேறியது.

"இன்றைக்கு என்ன ஆயிற்று?" என்று கேட்டது.

அப்போதும் நான் விடவில்லை.

"இனிமேல் உன்னை நேர்வழியில் அனுப்புவது என்று தீர்மானித்திருக்கிறோம்," என்றேன்.