மாப்பிள்ளை அழுதார்

2025 ஜனவரி 5, ஞாயிறு, மாலை நான்கு மணி. நன்னிலத்தில் குழந்தைராஜின் மகள் அருள்செல்வியைப் பெண் பார்க்க, கும்பகோணத்திலிருந்து ரெமிஜியஸ் தன் அம்மாவோடு வந்திருந்தார். உட்கார்ந்ததிலிருந்து அவர் கண்களில் நீர் நிற்காமல் வழிந்தது.

குழந்தைராஜ், அவர்களை அழைத்து வந்த கல்யாணத் தரகரைச் சமையலறைக்குள் இழுத்தார்.

"என்னய்யா, மாப்பிள்ளை இந்த அழுகை அழுவுறாரு? மனசுல வேற பொண்ணா?"

"தூசிங்க."

"இப்பதான் தரையைத் துடைச்சோம். தூசியாம்! மரியாதையா அனுப்பி வெச்சிடு."

அதற்குள் அருள்செல்வி காபித் தட்டோடு கூடத்துக்குப் போய்விட்டார். மாப்பிள்ளையின் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"நேத்து என்ன வேலை பார்த்தீங்க?"

"நெல்லு குடோனுக்கு இரும்பு கேட்டு செஞ்சேன்..."

"கண்ணாடி போடாம, கண்ணை மூடிக்கிட்டு வெல்டு வெச்சீங்களா?"

"சின்னச் சின்ன பொட்டு வெல்டுதானேன்னு..."

"எத்தனை பொட்டு?"

"ஒரு நாப்பது இருக்குங்க."

"எங்க பசங்களும் இப்படித்தான், சொன்னா கேக்கறதே இல்ல. சோபாவுல படுங்க."

ரெமிஜியஸ் உடனே படுத்துவிட்டார். அவருடைய அம்மா திகைத்து நிற்க, குழந்தைராஜ் தயங்கியபடி சொன்னார்: "பாப்பா ஐ.டி.ஐ.யில டீச்சர்னு சொன்னோம்ல, வெல்டிங்குக்குத்தாங்க."

அருள்செல்வி உருளைக்கிழங்கை வட்டமாக நறுக்கி வந்து, மாப்பிள்ளையின் இரண்டு கண்களிலும் வைத்தார். ஒரு மணி நேரம் எடுக்கக் கூடாது என்றார். அவர் எடுக்கவில்லை.

அம்மா குனிந்து காதில் கேட்டார்: "பொண்ணு புடிச்சிருக்காடா?"

"கண்ணுல தண்ணியா இருந்துச்சு, இன்னும் சரியா பார்க்கலைம்மா. நீ பேசி முடிச்சிடு."

அடுத்த மூன்று ஞாயிறும் பங்குக் கோயிலில் அவர்களின் கல்யாண அறிவிப்பான திருமண ஓலை வாசிக்கப்பட்டது.